டேமேஜ் என்று நான் சொன்ன படம்

என் பக்கத்து வீட்டுப் பெண் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கிறாள். படத்துக்குப் போனால், இடைவேளை விளக்கு எரிந்த உடனேயே, ஒரு கையில் சோளப்பொரிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு மறு கையால் செல்பேசியில் தன் கருத்தை எழுதி அனுப்பிவிடுவாள். சென்ற மாதம் என்னையும் அழைத்துப் போனாள். இடைவேளையில், "படம் எப்புடீங்க பெரியம்மா?" என்றாள். "முடியட்டும் கண்ணு" என்றேன். முடிந்து வெளியே வந்ததும் மறுபடி கேட்டாள். "ரெண்டு நாள் போகட்டும்" என்றேன்.

"உங்ககிட்டப் படம் எப்புடின்னு கேக்கறதும் கோர்ட்டுல கேஸ் போடறதும் ஒண்ணுதானுங்க" என்று சிரித்தாள். பிறகு உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவளாய், ஏன் இப்படி என்று கேட்டாள். ஆட்டோ வீடு வந்து சேர்வதற்குள் சொல்லி முடிகிற காரணமல்ல அது. அதனால் எழுதுகிறேன்.

நானும் செக்கிங்காரிதான். திருமணமாகித் திருப்பூருக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தேன். கணவருக்கு நொய்யல் கரையில் ஒரு சலவைப் பட்டறையில் வேலை. ஐம்பதுகள் முடியும் தறுவாயில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தேன். ஓராண்டு நூல் பிசிறு வெட்டினேன். ஓராண்டு கைமடி, அதாவது தைப்பவருக்குத் துணியின் ஓரத்தைக் கையால் மடித்துக் கொடுக்கும் வேலை. அதன் பின் ஓய்வு பெறும்வரை செக்கிங். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல இதற்குமேல் ஒன்றுமில்லை. விரல்நுனி தேய்ந்தது, கண் கூர்மையானது.

ஆனால் பார்க்கும் முறையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் மேசை வடக்கு ஜன்னலை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. பனியனுக்குள் இரு கைகளையும் விட்டு விரித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். முதலில் முன்பக்கம், கழுத்திலிருந்து கீழ் மடிப்பு வரை. அடுத்துப் பின்பக்கம். பிறகு இரண்டு கைக்குழிகளின் தையல். கடைசியில் உள்பக்கத்தை வெளியே திருப்பி மறுபடியும் ஒருமுறை. குறையே இல்லாதது 'பஸ்ட்'. கண்ணை உறுத்தாத சிறு குறை உள்ளது 'செகண்ட்ஸ்'. கிழிசலோ, ஓட்டையோ, போகாத எண்ணெய்க் கறையோ இருந்தால் அது 'டேமேஜ்'. மூலையில் இருக்கும் மூங்கில் கூடைக்குள் விழுந்து, கழிவுத் துணியோடு போய்விடும்.

எங்கள் சூப்பர்வைசர் இஸ்மாயில் பாய். ஐம்பது வயதை நெருங்கியவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, காதில் செருகிய பென்சில், செருப்பின் ஓசை கேட்காத நடை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாளில் மூன்று நான்கு முறை டேமேஜ் கூடையிலிருந்து ஒரு பனியனை எடுத்து வருவார். அதைக் கூடையில் போட்டவளின் முன்னால் விரித்து, "எங்கம்மா?" என்பார். அந்த ஒரு சொல்தான். குறை இருக்கும் இடத்தில் விரலை வைத்துக் காட்ட வேண்டும். காட்டினால் தலையசைத்துவிட்டு நகர்வார். காட்ட முடியாமல் போனால் திட்டமாட்டார். அந்த டஜனைக் கட்டு அவிழ்த்து முதலிலிருந்து பார்க்கச் சொல்லி, முடியும்வரை பக்கத்திலேயே நிற்பார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருக்கும்.

"நல்லத டேமேஜுன்னு தள்றதும் தப்புதாம்மா. அத நெஞ்சவனும் தெச்சவனும் இங்க வந்து நின்னு வாதாட முடியாது" என்று ஒருமுறை சொன்னார். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குச் சொன்னது. எனக்குத்தான் தங்கிவிட்டது. ஆனால் அது பனியனுக்கு மட்டுமே உரியது என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனிப் படத்துக்கு வருகிறேன். எங்கள் பகுதியில் பெண்கள் பதினான்கு பேர். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, ஆனால் பதினான்கு பேருமே கொட்டகைக்குப் போய்விட முடியாது. ஒருத்திக்கு மாமியார், இன்னொருத்திக்குக் கைக்குழந்தை, மற்றொருத்தியின் ஊருக்கு மாலையில் பஸ் கிடையாது. அதனால் போய் வந்தவர்கள் திங்கட்கிழமை காலை மற்றவர்களுக்குப் 'படம் சொல்லுவது' என்று ஒரு வழக்கம் ஏற்பட்டது. கை வேலையை நிறுத்தக் கூடாது, கண் துணியை விட்டு அகலக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளின்மேல் பாய் அதை அனுமதித்திருந்தார்.

முதலில் சொல்லிக்கொண்டிருந்தவள் தெய்வானை. பருமனான உடம்பு, பெரிய குரல். சண்டைக் காட்சி வந்தால் கையிலிருக்கும் பனியனையே வில்லனாக நினைத்து முறுக்கிவிடுவாள்.

"அட, கதையச் சொல்லு தெய்வானை, பனியன ஏன் அடிக்கிற?" என்பாள் ஒருத்தி.

"கதை என்னுங்க கதை? அவன் வந்தான், இவன் அடிச்சான், அவ அழுதா. எனக்கு அந்தப் பாட்டுல அவ கட்டியிருந்த சேலைதான் கண்ணுலயே நிக்குது."

கதை முழுதாக வேண்டும் என்றவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். நான் வாசகசாலையிலிருந்து புத்தகம் எடுத்துப் படிப்பவள். ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகச் சொல்வது எனக்கு எளிதாக வந்தது. சொல்லி முடித்ததும், "சரிங்கக்கா, படம் பஸ்ட்டா, செகண்ட்ஸா?" என்று யாரோ விளையாட்டாகக் கேட்டார்கள். நானும் விளையாட்டாக, "செகண்ட்ஸ். கழுத்து நல்லா இருக்குது, கீழ் மடிப்பு கோணல்" என்றேன். முடிவு சரியில்லை என்பதை அப்படிச் சொன்னேன். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் அந்த மூன்று தரங்களில் ஒன்றைச் சொல்வது என் வேலையாயிற்று.

பாய் சினிமா பார்ப்பவரல்லர். ஆனாலும் திங்கட்கிழமைகளில் அலமாரிக்குப் பின்னால் நின்று கட்டுகளை எண்ணிக்கொண்டிருப்பார். எண்ணியதையே மறுபடி எண்ணுவார். கதை முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார். அது நாயகனைப் பற்றியோ நாயகியைப் பற்றியோ இருக்காது.

"அந்த வீட்டுச் சமையக்காரி என்னம்மா ஆனா? மொதல்ல அவள வேலைய விட்டு நிறுத்துனாங்களே?"

"அவ அப்புறம் வரவே இல்லீங்களே பாய்."

"வரலியா, நீ பாக்கலியா?"

பெண்கள் சிரிப்பார்கள். பாய் காதிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

விளையாட்டு மெல்ல வீடுகளுக்குப் பரவியது. மகளையோ தங்கையையோ படத்துக்கு அனுப்பலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம், "செக்கிங் அக்கா என்ன சொல்லுச்சு?" என்று கேட்கத் தொடங்கினார்கள். நான் பஸ்ட் என்றால் அனுப்புவார்கள். செகண்ட்ஸ் என்றால் பெரியவர்கள் துணையோடு அனுப்புவார்கள். டேமேஜ் என்றால் பேச்சே இல்லை. முகம் தெரியாத தகப்பன்மார்கள் என் வாய்ச்சொல்லைக் கேட்டு முடிவெடுத்தார்கள். அது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

ருக்குமணி கைமடியில் இருந்தாள்; காலையில் எங்கள் மேசையில் உட்கார்ந்து கொஞ்சம் மடித்துவிட்டு, பிறகு தையல் கூடத்துக்குப் போவாள். பத்தொன்பது வயது, நெருப்பெரிச்சல் பக்கத்துப் பெண். தகப்பனார் இல்லை. கிணறு வற்றிப் பண்ணையம் ஓய்ந்த பிறகு, அண்ணன் பொன்னுச்சாமி அரை மனதோடு அவளை வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டாள். ஆனால் மடித்துக் கொடுக்கும்போது அவள் கண் துணியில் இருக்காது; தைக்கும் இயந்திரத்தில்தான் இருக்கும். நாங்கள் அதைப் பவர் டேபிள் என்போம். எங்கள் கம்பெனியில் அதுவரை பெண் யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. சாப்பாட்டு நேரத்தில், யாரும் இல்லாதபோது, கழிவுத் துணியை வைத்து அவள் தைத்துப் பழகுவதைப் பாய் பார்த்துவிட்டார். அந்தக் கழிவுத் துண்டுகளை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார்.

"பாத்துச் சொல்லும்மா."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தையல் ஓர் இடத்திலும் விலகவில்லை. "பஸ்ட்டுங்க" என்றேன்.

அறுபதுகளின் நடுவில், ஒரு மாசி மாதத்தில், தையல்காரர் ஒருவர் சொந்தமாகத் தொழில் தொடங்கப் போய்விட்டார். அந்த இடத்தை ருக்குமணிக்குக் கேட்டார் பாய். முதலாளி யோசித்து, ஒத்துக்கொண்டார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். வருகிற திங்களை விட்டு, அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை அவள் வந்து உட்கார வேண்டும். வரவில்லையென்றால், வேலை கேட்டுக் காத்திருக்கும் ஓர் ஆளை எடுத்துக்கொள்வார். ருக்குமணியிடம் இதைச் சொன்னபோது அவள் "சரீங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு தண்ணீர்ப் பானைக்குப் போய், குடிக்காமலே திரும்பி வந்தாள்.

அதற்கு மறுநாள் ஞாயிறு. ரயில் நிலையத்தை ஒட்டிய கொட்டகையில் புதிய படம் வந்திருந்தது. என் மகனுக்கு அப்போது நான்கு வயது. காலையிலிருந்தே உடம்பு இலேசாகச் சுட்டது. பக்கத்து வீட்டில் அவனை விட்டுவிட்டுப் பகல் காட்சிக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. ஆனால் திங்கட்கிழமை பதின்மூன்று பேர் காத்திருப்பார்களே என்று போனேன்.

படத்தில், ஒரு பெரிய வீட்டு மருமகள் விடிவதற்கு முன் பெட்டியோடு வெளியேறி ரயிலடிக்கு வருகிறாள். புகுந்த வீட்டாருக்குத் தெரியாது. இருபது நிமிடம் ரயிலுக்காகக் காத்திருக்கிறாள். அந்தக் காட்சி முழுவதும் நான் என் மகனின் நெற்றியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ரயில் வந்ததும் ஓர் ஆண்மகன் இறங்கி அவள் பெட்டியை வாங்கிக்கொள்கிறான். அவள் சிரிக்கிறாள். இடைவேளை. நான் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன். மகன் காய்ச்சல் இறங்கி, முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை தெய்வானை முதல் டஜனைக் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட்டாள். "அக்கா, புதுப்படம்?"

பாதியில் எழுந்து வந்துவிட்டேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த மூச்சை நான் விடவில்லை. பார்த்தவரை கதையைச் சொன்னேன். மீதியை, இப்படித்தான் போயிருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டதை, இரண்டு வரியில் சுருக்கிச் சொன்னேன். "கட்டுனவன விட்டுட்டு இன்னொருத்தனோட போறதுதான் கதை. டேமேஜ். பொம்பளப் புள்ளைக பாக்க வேண்டாம்" என்றேன்.

பாய் அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்தார். "அவளப் பெத்தவங்க என்னம்மா ஆனாங்க?"

"அவங்களக் காட்டலீங்க" என்றேன்.

மேசையின் மறுகோடியில் ருக்குமணி தலை நிமிர்ந்து ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து மடிக்கத் தொடங்கினாள்.

செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. தெய்வானைதான் செய்தி கொண்டு வந்தாள். இருவரும் ஒரே ஊர்.

"அந்தப் படத்துக்கு நானும் ருக்குவும் ஞாயித்துக்கெழமை போலாம்னு இருந்தமுங்கக்கா. எனக்கு ஒடம்பு சரியில்ல, அவ மட்டும் போய்ட்டு வந்தா. நேத்து பஸ்சுல என்ற அம்மாகிட்ட நீங்க சொன்னதச் சொன்னேன். அது நேரா பொன்னுச்சாமி அண்ணங்கிட்டப் போயிருச்சு. 'செக்கிங் அக்காவே டேமேஜுன்னு சொன்ன படத்துக்கு ஒத்தையாப் போனவ, நாளைக்கு ஆம்பளைக நடுவுல மிஷின்ல உக்காருவாளா?'ன்னு கேட்டாராம். கம்பெனி வேண்டாம்னுட்டாரு. திங்கக்கெழமையும் இல்ல, என்னிக்குமே இல்ல."

என் கையிலிருந்த பனியனை எங்கே பார்த்து நிறுத்தினேன் என்பது மறந்துபோயிற்று. மறுபடியும் கழுத்திலிருந்து தொடங்கினேன். இரண்டு முறை தொடங்கி, முடிக்காமல் கீழே வைத்துவிட்டுப் பாயிடம் போனேன். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். இடைவேளையில் எழுந்ததைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்தது.

பாய் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு, கூடையிலிருந்து பனியனை எடுத்து விரிக்கும்போது கேட்பாரே, அதே குரலில் கேட்டார். "எங்கம்மா?"

படத்தின் குறை எங்கே என்று கேட்டார். காட்ட என்னிடம் விரல் வைக்க இடமில்லை.

"அப்ப மொதல்லருந்து பாக்கோணும்" என்றார்.

"நாளைக்கு அரை நாள் லீவு வேணுமுங்க."

"படம் பாக்க லீவு கேட்டு வந்தவ இந்தக் கம்பெனியில நீதான் மொதல் ஆளு. போய்ட்டு வா. வெள்ளிக்கெழமை படத்த மாத்தீருவாங்க."

புதன்கிழமை பகல் காட்சிக்குப் போய், பெயர் போடுவதிலிருந்து திரை விழும்வரை உட்கார்ந்திருந்தேன். ரயிலில் வந்து இறங்கியவன் பட்டணத்து ஆஸ்பத்திரி ஊழியன். அவளை அழைத்துப் போக அனுப்பப்பட்டவன். அவள் தாதிப் பயிற்சிக்குப் போகிறாள். கணவனுக்கு அது தெரியும். தாய்க்குப் பயந்து அவன் வாய் திறக்கவில்லை. அவள் பெற்றோர் இரண்டாம் பாதியில் வருகிறார்கள். மகள் ஓடிப்போய்விட்டாள் என்ற பேச்சைத் தாங்க முடியாமல் ஊரைவிட்டே போகிறார்கள். கடைசியில் நோயில் விழுந்த மாமியாருக்கு மருந்து கொடுக்க அவளே அந்த வீட்டுக்குத் திரும்புகிறாள். ஓடிப்போனாள் என்று படத்தில் ஊரே சொன்னது. திங்கட்கிழமை ஊரோடு சேர்ந்து நானும் சொன்னேன்.

கொட்டகையிலிருந்து நேராகப் பஸ் ஏறி நெருப்பெரிச்சல் போனேன். வெயில் இன்னும் இருந்தது. பொன்னுச்சாமி மாடு கட்டும் கட்டுத்தறியில் எருமைக்குத் தீனியாகச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். நான் யாரென்று சொன்னதும் தோள்துண்டை எடுத்து உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு, "வாங்க, வாங்க. உக்காருங்க. அம்மிணி, தண்ணி கொண்டா" என்றார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அதனாலேயே பேசுவது கடினமாயிற்று.

"நான் தப்பாச் சொல்லீட்டனுங்க. அந்தப் படத்தப் பாதிதான் பாத்தேன். இன்னிக்குத்தான் முழுசாப் பாத்தேன். உங்க தங்கச்சி பாத்தது நல்ல படமுங்க."

அவர் தட்டுக் கத்தையைப் பிரித்துப் போட்டு முடித்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. திங்கக்கெழமை டேமேஜுன்னீங்க. புதங்கெழமை பஸ்ட்டுங்கறீங்க. வெள்ளிக்கெழமை என்ன சொல்லுவீங்கன்னு எனக்கு எப்புடித் தெரியுமுங்க?"

நியாயமான கேள்வி. அதற்குள் அவர் மனைவி பழனாத்தாள் வாசற்படியில் வந்து நின்றாள்.

"அக்கா சொல்றத நம்ப வேண்டாம்னா, நீங்களே போய்ப் பாத்துட்டு வாங்க. கையோட என்னையும் கூட்டீட்டுப் போங்க. கல்யாணமாகி ஆறு வருசமாச்சு. சந்தையில மாடு பாக்கக் கூட்டீட்டுப் போனீங்க, படம் பாக்க ஒரு நாளாச்சும் கூட்டீட்டுப் போனீங்களா?"

"நீ சும்மா இரு."

"நான் சும்மாத்தான் இருக்கறனுங்க, ஆறு வருசமா."

எருமை தலையை ஆட்டியது. பொன்னுச்சாமியின் முகத்தில் சிரிப்பு வரப்பார்த்து நின்றுவிட்டது. நான் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டேன்.

"நாளைக்குக் கடைசி நாளுங்க. பகல் காட்சிக்கு வாங்க. நானும் வாறேன். பாத்துட்டு நீங்க டேமேஜுன்னு சொன்னா, நான் மறுபேச்சுப் பேசமாட்டேன். ஆனா இடைவேளையில எந்திரிக்கப்படாதுங்க."

"எந்திரிச்சது நானில்லீங்களே" என்றார் அவர். உறைத்தது, வாங்கிக்கொண்டேன். வருவதாகவோ வரமாட்டேன் என்றோ அவர் சொல்லவில்லை.

பஸ் நிற்குமிடம்வரை ருக்குமணி என்னோடு நடந்து வந்தாள். பாதி வழியில், தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அக்கா, நீங்க எந்திரிச்சுப் போனத நான் பாத்தனுங்க. ரெண்டு வரிசைக்குப் பின்னாலதான் உக்காந்திருந்தேன்."

என் கால் நின்றுவிட்டது. "பாத்துட்டா திங்கக்கெழமை பேசாம இருந்தே? ஏன் கண்ணு சொல்லல?"

"அத்தன பேருக்கு முன்னால உங்கள எப்புடீங்க சொல்றது?"

"அண்ணங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. வேலையே போகப் போகுதே?"

அவள் சற்று யோசித்தாள். "நீங்க பாதிப் படம் பாத்துட்டுச் சொல்றவங்கன்னு ஊருக்குள்ள பேச்சாயிட்டா, அப்புறம் ஆரு சொல்லி எங்கள உடுவாங்க? பஸ்ட்டுன்னு நீங்க சொல்றீங்கன்னுதான் நாங்க பத்துப் பேரு வெளிய வாறோம்."

பஸ்சில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்குக் கண் கலங்கிற்று. கூடவே ஒரு முடிவும் வந்தது. பொன்னுச்சாமி வந்தாலும் வராவிட்டாலும், திங்கட்கிழமை அதே மேசையில், அதே பெண்களுக்கு முன்னால், நடந்ததை நானே சொல்லிவிடுவது.

வியாழக்கிழமை கொட்டகை வாசலில் நின்றேன். முதல் மணி அடித்துவிட்டது. பழனாத்தாள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். நான்கடி பின்னால் ருக்குமணி. அதற்கும் பின்னால், யாரோடும் சேராதவர்போலப் பொன்னுச்சாமி. அவர் ஆண்கள் பக்கம் போனார். நாங்கள் மூவரும் பெண்கள் பகுதியில் உட்கார்ந்தோம். பழனாத்தாள் படம் முழுவதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்; சிரிப்பு வந்த இடத்திலும் அழுதாள். நான் திரையைப் பார்த்ததைவிட, தடுப்புக்கு அப்பால் இருட்டில் அவர் தலை தெரிகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடைவேளையில் அவர் எழவில்லை.

வெளியே வந்தபோது அவர் முறுக்கு வாங்கிக்கொண்டு நின்றார். ஆளுக்கொன்று கொடுத்தார், எனக்கும் சேர்த்து. ருக்குமணி முறுக்கைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"படம் கொஞ்சம் நீளமுங்க" என்றார் கடைசியில். "மாமியாக்காரி சாகறதுக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கறா. பாட்டு ரெண்டக் கொறைச்சிருக்கலாம்."

"ஆமாங்க" என்றேன்.

"அந்தப் புருசங்காரன் மொதல்லயே வாயத் தொறந்து சொல்லியிருந்தான்னா, பாதிப் படத்துலயே முடிஞ்சிருக்கும். வாய் இருந்தும் பேசாத பயல் எல்லாம் ஒரு ஆளா?" என்றார். பிறகு தங்கையின் பக்கம் திரும்பாமல், என்னைப் பார்த்துக் கேட்டார். "திங்கக்கெழமை எத்தன மணிக்குங்க அவ மிஷின்ல உக்காரோணும்?"

"எட்டரைக்குங்க."

"ஏழு மணி பஸ்சுக்கு நானே ஏத்தி உடறேன்" என்றார். அப்போதுதான் ருக்குமணி முறுக்கைக் கடித்தாள்.

திங்கட்கிழமை எட்டரைக்கு முன்பே எல்லோரும் வந்துவிட்டோம். நான் பனியனைக் கையில் எடுக்காமல் எழுந்து நின்று, சென்ற வாரம் பாதிப் படத்தைப் பார்த்துவிட்டு டேமேஜ் என்று சொன்னதைச் சொன்னேன். அதன் பலனை யார் அனுபவிக்க இருந்தாள் என்பதையும் சொன்னேன். முதலில் வாய் திறந்தவள் தெய்வானைதான்.

"அட, அதனால என்னுங்கக்கா? நான் இத்தன வருசம் சேலையப் பாத்துட்டுத்தான் படம் சொன்னேன்."

சிரிப்பில் என் பாரம் பாதி இறங்கிற்று. இனி யார் பார்த்தார்களோ அவர்களே சொல்ல வேண்டும், நான் மட்டும் சொல்வது கூடாது என்றேன். பாய் அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்தார். பவர் டேபிள் கூடத்துக்குப் போகத் தயாராய் நின்ற ருக்குமணியைக் கூப்பிட்டார்.

"அதுக்கு முன்னால, நீ சொல்லும்மா. ரெண்டு தடவ பாத்தவ. படம் எப்புடி?"

அவள் தயங்கினாள். பிறகு மெல்ல, "எனக்குப் படம் அவ்வளவாப் புடிக்கலீங்க" என்றாள்.

மேசையே திரும்பிப் பார்த்தது. இத்தனை பாடுபட்டது இதற்காகவா என்பதுபோல் தெய்வானை கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"திரும்பி வந்து மாமியாக்காரி காலப் புடிக்கறதெல்லாம் எனக்குப் புடிக்கலீங்க. ஆனா ஒரு எடம் இருக்குதுங்க. அது ஒண்ணுக்காகப் போலாம்."

"எங்கம்மா?" என்றார் பாய்.

"ரயிலடியிலீங்க. ரயில் வாறதுக்கு முன்னால அவ பெஞ்சுல ஒத்தையா உக்காந்து ஒரு டீ வாங்கிக் குடிப்பாளுங்க. அவசரமே படாம. ஆரையும் திரும்பிப் பாக்காம. ஊதி ஊதி, முழுசாக் குடிச்சு முடிச்சுட்டு, டம்ளர அவளே கொண்டுபோய்க் குடுப்பா. பொம்பள ஒருத்தி அப்புடி உக்காந்து டீ குடிச்சு நான் பாத்ததில்லீங்க."

பாய் தலையசைத்தார். விரல் வைத்துக் காட்டப்பட்டதும் அசைப்பாரே, அதே அசைப்பு. அவள் கூடத்துக்குள் போனாள். சிறிது நேரத்தில் அங்கே ஓர் இயந்திரம் ஓடத் தொடங்கி, நின்று, மறுபடி ஓடியது. பிறகு நிற்கவில்லை.

நான் வடக்கு ஜன்னல் பக்கம் திரும்பிப் பனியனுக்குள் கைகளை விட்டு விரித்தேன். அந்தக் காட்சி இடைவேளைக்கு முன்னால் வருவது. ஞாயிற்றுக்கிழமை நான் உட்கார்ந்திருந்தபோதே வந்தது, புதன்கிழமை, ரயிலில் வருகிறவன் யார் என்பதிலேயே நான் குறியாக இருந்தபோது வந்தது, வியாழக்கிழமையும் வந்தது. மூன்று முறை படம் பார்த்தவள் நான். அவள் டீ குடித்ததை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.